வெட்சி இலை மஞ்சள்: பெரஸ் சல்பேட் போட்டும் மாறவில்லையே, ஏன்?

மொட்டுக்காவலர் | ஜூன் 3, காலை 7.40

வெட்சி என்கிற இட்லிப்பூச் செடிக்கு இரும்புச்சத்து கொடுத்தால் மஞ்சள் போய்விடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். போகாது என்கிறேன். இரும்பு உப்பான பெரஸ் சல்பேட்டை மண்ணில் தூவித் தண்ணீர் விட்டு ஒன்றரை மாதம் ஆச்சு. கொழுந்து இன்னும் வெளுத்த மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நன்றாகத்தான் இருக்கு. சுவரை ஒட்டி வேலி மாதிரி வரிசையாக நட்ட சிவப்பு வெட்சி. சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் நிற்கிற ரெண்டு செடி மட்டும் பச்சையாக இருக்கு. இன்னும் கொஞ்சம் இரும்பு போடணுமா, இல்லை இந்தச் செடிக்கு இரும்பே ஏறாதா?

வேர்மண் | ஜூன் 3, காலை 9.15

சுவர் தாண்டி நிற்கிற ரெண்டு செடியும் பச்சை என்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது.

செடிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு இரும்பு அநேகமாக எல்லா மண்ணிலும் உண்டு. வேர் உறிஞ்சக்கூடிய உருவில் அது இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. சுவர்ப் பூச்சிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் மழையோடு சுண்ணாம்பு கரைந்து இறங்கும். கட்டும்போது கொட்டிய சிமெண்ட் கலவை மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 7.5, 8 என்று ஏறிவிடும். வெட்சி கேட்பது 5 முதல் 6 வரை. 6.5 தாண்டினாலே கொழுந்து வெளிறத் தொடங்கும்.

பெரஸ் சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. அமில மண்ணில் போட்டால் வேலை செய்யும். காரமண்ணில் விழுந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே துருவாகிப் படிந்துவிடும். தூவிய இடத்தில் மேல்மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். மண்கட்டிகளின்மேல் செம்பழுப்பாகப் படலம் படிந்திருக்கும். நீங்கள் போட்ட இரும்பு அதுதான். இன்னும் கொட்டினால் அந்தப் படலம் தடிக்கும், வேறொன்றும் நடக்காது.

மூன்று சோதனை செய்துவிட்டுச் சொல்லுங்கள்:

சுவரோர மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, காயவிட்டு, மேலே வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது.

தண்ணீர் கொதிக்கவைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு வருகிறதா? வந்தால் நீங்கள் ஊற்றுவது சுண்ணாம்பு கரைந்த கடினநீர்.

மண்ணையும் காய்ச்சி வடித்த நீரையும் 1:2 விகிதத்தில் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, தெளிந்த நீரில் பி.எச். பாருங்கள். மண்ணில் குத்திப் பார்க்கிற இரண்டு கம்பி மானியை நம்ப வேண்டாம். அதன் முள் மண் ஈரத்துக்கேற்ப ஆடும்.

இலைநரம்பு | ஜூன் 3, பிற்பகல் 1.05

வேர்மண் சொல்வது இந்தச் செடிக்குச் சரி. ஆனால் இழையைப் படிக்கிற எல்லோரும் மஞ்சளைப் பார்த்ததும் இரும்பு என்று முடிவு கட்ட வேண்டாம். எந்த இலை முதலில் மாறுகிறது என்று பார்க்காமல் எந்த உப்பையும் வாங்காதீர்கள்.

இரும்பு ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நகராது. பழைய இலை தன்னிடம் இருப்பதைக் கொழுந்துக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் பற்றாக்குறை கொழுந்தில் தெரிகிறது: மெல்லிய பச்சை நரம்பு, இடையில் எலுமிச்சை மஞ்சள். முற்றினால் இலை முழுக்க வெளுத்து நுனி கருகும். மாங்கனீசு குறைவும் கொழுந்தில்தான் வரும். அதில் நரம்பை ஒட்டிய பச்சை அகலமாக இருக்கும், மஞ்சள் பகுதியில் பொடிப்பொடியாகக் கருகல் புள்ளி விழும். பி.எச். ஏறினால் மாங்கனீசும் பூட்டிக்கொள்ளும், ஆகவே இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

மெக்னீசியம் என்றால் அடி இலை. ஓரத்திலிருந்து மஞ்சள் உள்ளே வரும், காம்புப் பக்கம் பச்சை ஆப்பு வடிவில் நிற்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் அடி இலை நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளிறும்.

வெட்சியில் அதிகம் ஏமாற்றுவது சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு. அடி இலையில் ஊதாவும் பழுப்பும் கலந்த ஒழுங்கற்ற புள்ளிகள். புள்ளிக்கு ஓரக்கோடு இருக்காது, பக்கத்துத் திசுவோடு மங்கிக் கலந்திருக்கும். பூஞ்சைப் புள்ளிக்குப் பெரும்பாலும் தெளிவான விளிம்பு உண்டு. இது தெரியாமல் பூஞ்சைக்கொல்லியை மாற்றி மாற்றி அடிப்பார்கள். அடி இலை உதிர்ந்து, ஒவ்வொரு கிளையிலும் நுனியில் இரண்டு மூன்று சோடி இலை மட்டும் மிஞ்சியிருக்கும். பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். கூடவே மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 1 கிராம். சாம்பல்சத்தை மட்டும் ஏற்றினால் செடி மெக்னீசியம் எடுப்பது குறைந்துவிடும். புள்ளி விழுந்த இலை தேறாது, அடுத்து வரும் இலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

மொட்டுக்காவலர் | ஜூன் 4, மாலை 6.20

வினிகர் விட்டதும் மண் நுரைத்தது. சுவர் தாண்டிய இடத்து மண்ணில் ஒன்றும் இல்லை. பாத்திரத்தில் படிவு உண்டு, கெட்டியாகவே. பி.எச். சுவரோரம் 7.9, தள்ளி 6.3. சத்து வேண்டுமே என்று அடுப்புச் சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறோம், எலும்புத்தூள் நடும்போதே போட்டது. இதெல்லாம் தொடரலாமா?

வேர்மண் | ஜூன் 4, இரவு 8.10

சாம்பலை இன்றே நிறுத்துங்கள். வெட்சிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சாம்பல்சத்து இருக்கிறது, சரி. ஆனால் அதில் பெரும்பங்கு சுண்ணாம்பு, பி.எச்.சை நேராக மேலே தூக்கும். முட்டை ஓடும் அதே சுண்ணாம்புதான், மெதுவாகக் கரைவது ஒன்றே வித்தியாசம். எலும்புத்தூளில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பும். மணிச்சத்து மிஞ்சினால் வேரிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இலைவரை போக விடாது. மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யும் இந்த வகையில் சேர்த்தி. பூ வரவேண்டும் என்று மணிச்சத்தைக் கொட்டுகிற பழக்கம் வெட்சிக்கு ஆகாது.

சுவரோரச் செடிகளுக்கு இரண்டு வேலை. உடனே பச்சையாக்குவது ஒன்று, பச்சையாகவே இருக்கவைப்பது இன்னொன்று.

உடனடிக்கு இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரையுங்கள். அது கரைந்த பிறகுதான் பெரஸ் சல்பேட் 5 கிராம். வரிசையை மாற்றினால், கடினநீராக இருக்கும் பட்சத்தில், இரும்பு தெளிப்பானுக்குள்ளேயே துருவாகிவிடும். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக மாறினால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், எடுத்து வைத்து மறுநாள் அடிக்காதீர்கள். மழைநீர் இருந்தால் நல்லது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை விழும், போகவே போகாது, தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

தெளித்த பிறகு மஞ்சள் இலையில் பச்சைப் பொட்டுப் பொட்டாக வந்தால், பொட்டு ஒவ்வொன்றும் துளி உட்கார்ந்த இடம். இரும்புக் குறைதான் என்பதற்கு அதுவே ருசு. அடுத்து வருகிற கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும், ஏனென்றால் வேர் இன்னும் அதே மண்ணில் நிற்கிறது.

வேர் வழியாகக் கொடுக்க கீலேட் இரும்பு வேண்டும், அதாவது மண்ணில் துருவாகிப் படியாதபடி ஒரு கரிமப் பொருள் பிடித்து வைத்திருக்கிற இரும்பு. அதில் எது என்பது முக்கியம். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் தாங்கும், டி.டி.பி.ஏ. 7க்குச் சற்று மேல் வரை, ஈ.டி.டி.எச்.ஏ. வகை 9 வரை. உங்கள் 7.9க்கு மூன்றாவது ஒன்றுதான். கருஞ்சிவப்புக் குருணையாக இருக்கும், தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறு நிறம். இடுப்பளவுச் செடிக்கு 10 முதல் 20 கிராம், 5 லிட்டர் நீரில் கரைத்துச் சாயங்காலம் வேர்ப்பரப்பில் ஊற்றுங்கள். ஒளி பட்டால் இந்தக் கீலேட் சிதையும், அதனால் மேலே தூவி விட்டுவிடக் கூடாது, பின்னாலேயே தண்ணீர் விட்டு உள்ளே இறக்க வேண்டும். 10 லிட்டர் தொட்டி என்றால் 1 முதல் 2 கிராம் போதும். வெயிலும் வெப்பமும் இருக்கிற பருவத்தில் இரண்டு மூன்று வாரத்தில் கொழுந்து பச்சையாக வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

பதியன் | ஜூன் 5, காலை 6.55

கீலேட்டெல்லாம் எதற்கு? தண்ணீரில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்து ஊற்றினால் பி.எச். இறங்கிவிடுமே. வாளிக்கு ஒரு சிட்டிகை போதும்.

வேர்மண் | ஜூன் 5, காலை 10.30

வாளியில் இறங்கும், மண்ணில் நிற்காது.

தண்ணீரின் பி.எச்.சைவிட அதில் கரைந்திருக்கிற பைகார்பனேட்தான் வெட்சிக்கு எதிரி. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து ஊற்றுகிற கணக்கு அது. பைகார்பனேட் காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 10 லிட்டரை எடுத்தால், தோராயமாக 2.5 கிராம் சிட்ரிக் அமிலம் அதை பி.எச். 6 பக்கம் கொண்டுவரும். சிட்டிகை போதாது, எடை போட வேண்டும்.

அதோடு முடியவில்லை. சிட்ரிக் அமிலமும் வினிகரும் கரிமப் பொருள். மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கும், சிதைவில் மிஞ்சுவது மறுபடியும் பைகார்பனேட். நடுவில் சில நாட்களுக்கு இரும்பு கொஞ்சம் கரையும், அந்த ஆதாயம் உண்மை. நிரந்தரமாக மண் அமிலமாகாது. இலைத் தெளிப்பில் சிட்ரிக் அமிலம் சேர்க்கச் சொன்னது வேறு காரணத்துக்கு, தெளிப்பான் கரைசலில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க.

மழைநீரைச் சேர்த்து ஊற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது அம்மோனியம் சல்பேட். அதிலுள்ள அம்மோனியத்தை மண் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியாகும், அந்த அமிலம் தீர்த்த பைகார்பனேட் திரும்பி வருவதில்லை. 10 லிட்டர் தொட்டிக்கு 3 முதல் 5 கிராம், 2 லிட்டர் நீரில் கரைத்து மாதம் ஒருமுறை. மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள், காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். குருணையாக மேலே தூவாதீர்கள், சுண்ணாம்பு மண்ணின் மேற்பரப்பில் கிடந்தால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

பதியன் | ஜூன் 5, காலை 11.20

பைகார்பனேட் திரும்பி வருகிற விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எலுமிச்சைத் தண்ணீர் யோசனையை இந்த இழையில் யாரும் பின்பற்ற வேண்டாம்.

கந்தகத்தூள் போட்டால்?

வேர்மண் | ஜூன் 5, பிற்பகல் 3.45

சுண்ணாம்பு இல்லாத மண்ணில் அருமையாக வேலை செய்யும். பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும், சூடும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சுவர் தாண்டி நிற்கிற 6.3 மண்ணுக்கு அது பொருத்தம்.

நுரைக்கிற மண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ கந்தகம் உண்டாக்குகிற அமிலம் 3 கிலோ சுண்ணாம்பைத் தீர்க்கும். 60 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழியில் சுமார் 280 கிலோ மண். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 14 கிலோ. அதைத் தீர்க்க நாலரைக் கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும், ஒரே ஒரு குழிக்கு. அவ்வளவு கந்தகம் போட்டால் உருவாகிற உப்பில் வேர் தாங்காது. அப்படியே தாங்கினாலும், வேர் குழியைத் தாண்டி வெளியே போனதும் பழைய கதை. நுரைக்கிற மண்ணோடு சண்டை போடாதீர்கள். செடியை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் உயர்பாத்தி கட்டிப் புதுமண்ணில் வையுங்கள்.

உயர்பாத்தியைச் சிமெண்ட் கல்லால் கட்டாதீர்கள். பலர் செய்வது அதுதான்.

இலைநரம்பு | ஜூன் 5, இரவு 9.30

குளிர்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எச். சரியாக இருந்தும் குளிர் மாதங்களில் மட்டும் கொழுந்து வெளிறினால் வேர்மண்டலம் குளிர்ந்துவிட்டது என்று பொருள். மண் சூடு குறைந்தால் வெட்சி வேர் இரும்பு எடுப்பது மந்தமாகிவிடும். அப்போது கீலேட்டைக் கொட்டி லாபமில்லை. தொட்டியை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி, தண்ணீரைக் குறைத்தால் போதும், வெப்பம் வந்ததும் தானாகத் தேறும். 10 டிகிரிக்குக் கீழே அடிக்கடி போகிற இடமென்றால் இலைகளும் அடிபடும், தரையில் நடுவதை விட்டுத் தொட்டியில் வையுங்கள்.

எந்த மருந்துக்கும் அசையாத மஞ்சள் என்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். சிறு வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வெட்சிக்கு அது வருகிற வியாதிதான். அந்தச் செடியை எடுத்த இடத்தில் இன்னொரு வெட்சி நடாதீர்கள்.

மொட்டுக்காவலர் | ஜூன் 7, காலை 8.05

இடம் மாற்றுவது என்று முடிவு. பெரிய செடிகளை வேரோடு எடுப்பதா, இல்லை குச்சி போட்டுப் புதிதாக ஆரம்பிப்பதா?

இன்னொன்று. வரிசையில் வெள்ளைப்பூ வெட்சி ஒன்றும் சுவரோரம்தான் நிற்கிறது, அது மட்டும் மஞ்சளாகவே இல்லை. இலையில் ஆங்காங்கே கறுப்புப் புள்ளி. அதற்கு என்ன நோய்?

பதியன் | ஜூன் 7, பிற்பகல் 12.40

குச்சி வேலை என் பக்கம், நானே சொல்கிறேன்.

கிளை இளம்பச்சையாகவும் இருக்கக் கூடாது, முழுக்கப் பழுப்பு மரமாகவும் ஆகியிருக்கக் கூடாது. வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். அந்தப் பக்குவத்தில் 10 முதல் 12 சென்டிமீட்டர், இரண்டு மூன்று கணு. கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் நுனி நசுங்கி அங்கிருந்து அழுகும். அடி இலைகளை எடுத்துவிட்டு, மேல் சோடி இலையைப் பாதியாக நறுக்குங்கள். நுனியில் மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். வெட்சி குச்சியாக இருக்கும்போதே பூக்கப் பார்க்கும், விட்டால் வேருக்குப் போக வேண்டியது பூவுக்குப் போய்விடும்.

வேர் ஊக்கியான ஐ.பி.ஏ. தூள் 3000 பி.பி.எம். தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். ஊன்றும் கலவை கழுவிய தென்னைநார்க் கழிவும் பருமணலும் சரிபாதி. குச்சியை அப்படியே குத்தினால் தூள் வழிந்துவிடும், முதலில் பென்சிலால் துளை போட்டு இறக்குங்கள். மேலே பாலித்தீன் கூடாரம், வெளிச்சமான நிழல். நேர்வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். 4 முதல் 8 வாரம். நடுவில் புதுத்தளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தண்டில் இருக்கிற சேமிப்பிலேயே தளிர் வரும். இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். தொட்டித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கட்டும்.

அடி கறுத்து வழவழத்தால் ஈரம் அதிகம். அடி நன்றாக இருந்து இலை மட்டும் கொட்டினால் கூடாரத்தில் ஈரப்பதம் போதவில்லை.

மஞ்சளான கிளையில் குச்சி எடுக்காதீர்கள், வேர் விட்டாலும் இளைத்துக்கொண்டே வரும். முதலில் தெளித்துப் பச்சையாக்குங்கள்.

பெரிய செடி வேண்டுமென்றால் விண்பதியம். பென்சில் தடிப்புக் கிளையில் 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, உள்ளே இருக்கிற வழவழப்பைச் சுரண்டி எடுங்கள். அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. மேல் விளிம்பில் ஐ.பி.ஏ. தடவி, ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி ஒரு பிடி வைத்துப் பாலித்தீனால் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். வெயில் பக்கம் இருந்தால் மேலே ஒரு வெளிறிய துணி. இரண்டு மாதத்தையொட்டி உள்ளே வேர் ஓடுவது தெரியும்.

இலைநரம்பு | ஜூன் 7, மாலை 5.50

அந்த வெள்ளைச் செடிக்கு நோய் எதுவும் இருக்காது. அது வெட்சியாகவே இல்லாமல் இருக்கலாம். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளி இலைத் திசுவுக்குள்ளேயே சின்ன முடிச்சாகத் தடித்துக் கரும்பச்சையாகத் தெரிந்தால் அது பாவட்டை. பாவட்டைப் பேரினத்தில் பல இனங்களுக்கு இலையில் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள் உண்டு. செடியோடு ஒட்டி வாழ்கிற பாக்டீரியா, மருந்து அடிக்க வேண்டியதில்லை. வெட்சிக்கு அந்த முடிச்சு கிடையாது.

இரண்டும் காபிக் குடும்பம். எதிரெதிர் இலை, இரண்டு காம்புக்கும் நடுவில் தண்டில் ஒட்டிய கூர்நுனி இலையடிச் செதில், நாலு இதழ், நீளக் குழல் எல்லாம் பொது. பூவை லென்சு வைத்துப் பார்த்தால் பிரியும். வெட்சியில் புதிதாக மலர்ந்த பூவின் நடுவே சூல்தண்டு கொஞ்சமே நீட்டிக்கொண்டிருக்கும், நுனி மூடிய தடி மாதிரி, அதன்மேல் மஞ்சள் மகரந்தம் அப்பியிருக்கும். மொட்டாக இருக்கும்போதே மகரந்தப்பைகள் வெடித்துச் சூல்தண்டின் தலையில் தூளைப் பூசிவிடுகின்றன. வண்ணத்துப்பூச்சி குழலுக்குள் உறிஞ்சுகுழாயை விடும்போது அந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். தூள் போன பிறகுதான் நுனி இரண்டாகப் பிளந்து விரியும், மகரந்தம் ஏற்பது அந்த உட்பக்கம். ஒரே கொத்தில் மூடிய தடியும் விரிந்த இரட்டை நாக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். பாவட்டையில் சூல்தண்டு குழலைவிட வெகுதூரம் ஊசி மாதிரி நீண்டிருக்கும், நுனி விரியாது.

வேர்மண் | ஜூன் 7, இரவு 7.25

சேர்த்துச் சொல்ல ஒன்று: வெள்ளை வெட்சிகளும் உண்டு, ஆகவே நிறத்தை வைத்துப் பாவட்டை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இக்சோரா ஃபின்லேசோனியானா வெள்ளை, மணமுள்ளது. இக்சோரா பவெட்டா என்றே ஒன்று இருக்கிறது, சுளுந்து மரம். பெயரில்தான் பவெட்டா, செடி வெட்சிப் பேரினம். அதன் பச்சைக் குச்சியே தீப்பிடித்து எரியும், பந்தமாகப் பயன்பட்ட மரம்.

லின்னேயஸ் 1753இல் பெயர் வைத்த இந்தப் பேரினத்தில் இன்று 500க்கு மேல் இனங்கள். வேலிக்கு நடுவதெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களும் அவற்றின் கலப்புகளும்தான். இதழ் நுனி கூர்மையாக, இலை கிட்டத்தட்டக் காம்பில்லாமல் தண்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இக்சோரா காக்சினியா. இதழ் வட்டமாக இருந்தால் இக்சோரா சைனென்சிஸ் பக்கம் பாருங்கள்.

இலைநரம்பு | ஜூன் 7, இரவு 8.00

நியூ கலிடோனியாவில் மட்டும் வளர்கிற இக்சோரா மார்கரெட்டேயை விட்டுவிட்டீர்களே. கிளைநுனியில் பூக்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். முன்பு கேப்டன்குக்கியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், பிறகுதான் வெட்சியோடு சேர்த்தார்கள். படத்தில் பார்த்தால் வெட்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதியன் | ஜூன் 8, காலை 7.15

நாம் வளர்க்கிறதெல்லாம் கிளைநுனியில் பூப்பவை, அதனால் கத்தரிப்பும் பேசிவிடுவோம். வேலியைக் கத்தரியால் மட்டமாக வெட்டிக்கொண்டே இருப்பார்கள், பூ இல்லை என்பார்கள். வெட்டுகிற ஒவ்வொரு நுனியிலும் ஒரு கொத்து போகிறது. கொத்து வாடியதும், அதற்குக் கீழே ஒரு சோடி இலையோடு கிள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை வெடிக்கும், இரண்டிலும் கொத்து வரும். வயதான புதரை இளமையாக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை மட்டும் தாழ வெட்டி, அவை தளிர்த்த பிறகு அடுத்த பங்கு. இலையே இல்லாமல் மொட்டையடித்தால், முன்பே மஞ்சள் கண்ட செடி திரும்பாமலே போகலாம்.

5, 6 மணி நேர வெயில் கட்டாயம். நிழலில் கணு இடைவெளி நீளும், கொத்து சிறுக்கும்.

மொட்டுக்காவலர் | ஜூலை 19, காலை 7.30

வெள்ளைச் செடி பாவட்டைதான். வெளிச்சத்தில் பிடித்ததும் முடிச்சு தெரிந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மற்றவற்றுக்குத் தெளிப்பு முடிந்தது. வேர்மண் சொன்ன பச்சைப் பொட்டு அப்படியே வந்தது. சிவப்புக் கீலேட்டும் கொடுத்தாச்சு, கொழுந்து பச்சை. இப்போது தளிரில் கறுப்பு மசி, எறும்பு ஏறுகிறது. புது இடத்துக்கு மண்கலவையும் சொல்லிவிடுங்கள்.

இலைநரம்பு | ஜூலை 19, காலை 9.00

ஈர விரலால் தேய்த்து மசி வந்துவிட்டால் கரும்பூசணம். இலையில் வளர்கிறதே தவிர இலையைத் தின்பதில்லை. மேலே எங்கோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அசுவினியோ தேன்கழிவு விடுகிறது, எறும்பு அதற்குத்தான் ஏறுகிறது. இலையின் அடியிலும் காம்பு இடுக்கிலும் தேடுங்கள். பொட்டாசியம் சோப்பு 5 மில்லி, வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். சோப்பையும் எண்ணெயையும் முதலில் அடித்துக் கலக்கிப் பாலாக்கிய பிறகு தண்ணீர். சாயங்காலம், இரண்டு மூன்று இலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டுச் செடி முழுக்க. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பைத் தடுக்காவிட்டால் பூச்சி திரும்ப வரும்; தண்டில் பசைத்தாள் சுற்றி, பக்கத்துச் செடியைத் தொடுகிற கிளைகளை வெட்டிவிடுங்கள், அதுவும் பாலம்தான். தழைச்சத்து அதிகமானால் தளிர் கொழுத்துப் பூச்சி கூடும், அம்மோனியம் சல்பேட்டை இந்த மாதம் நிறுத்தி வையுங்கள்.

வேர்மண் | ஜூலை 19, பிற்பகல் 2.20

கலவை: செம்மண் 2 பங்கு, மக்கிய இலைமட்கு 1, கழுவிய தென்னைநார்க் கழிவு 1, பருமணல் 1. மணலையும் வினிகர் விட்டுச் சோதியுங்கள், கிளிஞ்சல் கலந்த மணல் நுரைக்கும், வேண்டாம். தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் நிறம் வெளிறும்வரை திரும்பச் செய்யுங்கள்.

சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள். கூரைநீர் சுவரில் வழிந்து இறங்குகிற பக்கமென்றால் இன்னும் தள்ளி. பழைய இடத்து வேர்மண்ணை முழுக்க உதறிவிடாதீர்கள், வெட்சி அதைத் தாங்காது. வெளிவிளிம்பில் இரண்டு மூன்று விரல்கடை மட்டும் சுரண்டிவிட்டு, சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தால் கையால் பொறுக்குங்கள். வேர்க்கழுத்து பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். மேலே 5 சென்டிமீட்டர் காய்ந்த இலை மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

நட்டு ஆறு வாரம் எந்த உரமும் வேண்டாம். அதன் பிறகு, ஊற்றுகிற நீர் மறுபடி மண்ணை ஏற்றுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எச். பாருங்கள். தொட்டியில் இருப்பவற்றுக்கு மண்ணைத் தோண்ட வேண்டாம்: வழக்கம்போல் தண்ணீர் விட்டு, அரை மணி கழித்து 100 மில்லி காய்ச்சி வடித்த நீரை மெதுவாக மேலே ஊற்றி, அடியில் முதலில் சொட்டுகிறதைப் பிடித்து அளந்தால் போதும். அளவிடும் பேனாவை பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு தாங்கல் கரைசலிலும் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். 6.5 காட்டினால், இலை மஞ்சளாகும்வரை காத்திருக்காமல் அம்மோனியம் சல்பேட்டை மறுபடி தொடங்குங்கள்.